ஈயம் இறுகும்போது தெரியும் கலப்படம்



ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கு மறுபடியும் கிராக்கி வந்திருக்கிறது. முன்பெல்லாம் பாத்திரக் கடையில் மட்டும் கிடைத்த சாமான், இப்போது மளிகைக் கடையிலும் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. விற்பதில் தவறில்லை. ஆனால் வாங்கி அடுக்கும் முன் அது எந்த ஈயம் என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். சிதம்பரத்தில் நாற்பது வருஷமாகப் பாத்திர மொத்த வியாபாரம் செய்யும் எங்களுக்கே அது தெரியாமல் 1996-ல் ஒரு முறை அடிபட்டோம்.

ஈயம் இரண்டு வகை. வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று. பாத்திரத்துக்குப் பூசுவதும் சொம்பு செய்வதும் வெள்ளீயத்தில். பாட்டரிக்கும் வலைக்குண்டுக்கும் போவது காரீயம். காரீயம் உடம்புக்கு விஷம். குறிப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே அதற்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. புளி, தக்காளி சேர்ந்து கொதிக்கும் ரசத்தில் அது கரைந்து இறங்கும். ஆனால் விலையைப் பாருங்கள். வெள்ளீயத்தின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இன்று காரீயத்துக்கு இல்லை. கலப்படம் செய்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த வருஷம் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் அறுபது கிலோ வெள்ளீயப் பாளம் வாங்கினோம். மார்க்கெட் விலையைவிடக் கொஞ்சம் குறைவு. அப்போதே யோசித்திருக்க வேண்டும். பாதியைக் கலாய்க்காரர்களுக்குச் சில்லறையாகக் கொடுத்தோம். மீதியைக் கும்பகோணம் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பி நாற்பது சொம்பு செய்து வாங்கினோம். அவற்றில் பதினொன்று கிள்ளை, பிச்சாவரம், பரங்கிப்பேட்டை மளிகைக் கடைகளுக்குப் போய்விட்டன.

பத்து நாள் கழித்து, எங்களிடம் வழக்கமாக ஈயம் வாங்கும் கலாய்க்கார பாய் கடைக்கு வந்தார். கையில் அந்தப் பாளத்தின் துண்டு.

“மொதலாளி, இது சுத்த ஈயம் இல்லீங்க. நவச்சாரம் போட்டுத் துணியால இழுத்தா தண்ணி மாதிரி ஓடணும், டக்குனு இறுகணும். இது நனைஞ்ச மணல் மாதிரி கொழகொழன்னு நிக்குது.”

“அடுப்புல சூடு பத்தலையோ, பாய்?” என்றோம்.

“நாப்பது வருசமா துருத்தி ஊதறேன் மொதலாளி. சூடு எனக்குத் தெரியாதா?” என்று துண்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த எங்கள் அக்காள் மகனிடம் இதைச் சொன்னோம். அவன் சிரித்துவிட்டு, “பாய் சொல்றதுக்கு ஒரு படமே இருக்கு மாமா” என்று புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். எங்கள் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. இருந்தாலும் கணக்குத் தெரிந்த எந்த வியாபாரிக்கும் அந்தப் படம் புரியும்.

கீழே படுத்திருக்கும் கோட்டில் கலப்பு விகிதம். இடது ஓரம் முழுக்கக் காரீயம், வலது ஓரம் முழுக்க வெள்ளீயம், நடுவில் எல்லா விகிதமும். பக்கத்தில் நிற்கும் கோட்டில் சூடு. சுத்தக் காரீயம் 327 டிகிரியில் உருகும், சுத்த வெள்ளீயம் 232 டிகிரியில். இரண்டையும் கலந்தால் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ உருகும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. இரண்டு ஓரத்திலிருந்தும் கோடு கீழ்நோக்கிச் சரிகிறது. வெள்ளீயம் 62, காரீயம் 38 என்ற விகிதத்தில் இரண்டும் சந்திக்கின்றன. அங்கே சூடு 183 டிகிரிதான். இரண்டில் எதுவும் தனியாக உருகாத சூட்டில் கலவை உருகிவிடுகிறது.

நம்ப முடியாவிட்டால் குல்பி ஐஸ்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் நம்மிடம் கல்லுப்பு வாங்கிப்போய் எதற்காக ஐஸ் கட்டியில் கொட்டுகிறார்? தண்ணீர் 0 டிகிரியில் உறையும். உப்பு 801 டிகிரியில் உருகும். ஆனால் 100-க்கு 23 பங்கு உப்புள்ள தண்ணீர், பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி போனால்தான் உறைகிறது. உப்பு பட்ட ஐஸ் அதனால்தான் கரைந்துகொண்டே மேலும் மேலும் குளிர்கிறது, குச்சி குல்பியும் கெட்டியாகிறது. உப்பும் ஐஸும் சேர்ந்ததற்கு வரையும் படமும், ஈயப் படமும் ஒரே சாயல்தான். அந்தச் சந்திக்கும் புள்ளிக்கு யூடெக்டிக் என்று பெயர். எளிதில் உருகுவது என்று கிரேக்கத்தில் அர்த்தமாம்.

இனி பாய் கண்ட கொழகொழப்புக்கு வருவோம். சுத்த உலோகம் தண்ணீர் மாதிரி. ஒரே சூட்டில் நின்று முழுவதும் இறுகும். கலவை அப்படி இறுகாது. மேல்கோட்டைத் தொடும்போது இறுக ஆரம்பித்து, கீழ்க்கோடான 183-ஐத் தொடும்போதுதான் முடிக்கும். நடுவில் உள்ளதெல்லாம் பாதி கட்டி, பாதி திரவம், சேற்றுப் பதம். 100-க்கு 10 பங்கு காரீயம் கலந்த வெள்ளீயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 215 டிகிரியில் முதல் மணிகள் தோன்றும். அவை கிட்டத்தட்டச் சுத்த வெள்ளீயம். இறுகும் மணி காரீயத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாமல் வெளியே தள்ளுகிறது. மிச்சத் திரவத்தில் காரீயம் ஏறிக்கொண்டே போகிறது, அதனால் அது இறுகும் சூடும் இறங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் ஐந்தில் ஒரு பங்கு திரவம் மிஞ்சும்போது அதன் விகிதம் சரியாக 62-க்கு 38 ஆகிவிடும். அது 183-ல் ஒரேயடியாக இறுகும். ஆக, மணிகளுக்கு இடையில் உள்ள சந்துகளில்தான் காரீயம் போய் உட்கார்ந்திருக்கிறது. பார்வைக்குச் சொம்பு பளபள என்றே இருக்கும்.

இந்தச் சேற்றுப் பதம் எல்லா இடத்திலும் குற்றமில்லை. ரேடியோவுக்குப் பற்று வைக்கிறவர்கள் 63-க்கு 37 கம்பி கேட்பார்கள், சட்டென்று இறுக வேண்டும் என்பதற்காக. பழைய காலத்தில் காரீயக் குழாய் ஒட்டியவர்கள் காரீயம் 70 பங்குள்ள பற்றைக் கேட்டார்கள். அது வெகுநேரம் பதமாக நிற்பதால் துணியால் தடவி வடிவம் கொடுக்கலாம். இரண்டும் ஈயப் பற்றுதான், விகிதம்தான் வேறு. சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு இரண்டும் ஆகாது.

அன்று சாயங்காலம் கடைக்கொல்லையில் இரும்புக் கரண்டியில் அரைக் கிலோ உருக்கினோம். பையன் சூடு காட்டும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தான். அரை நிமிஷத்துக்கு ஒரு முறை அவன் சொல்லச் சொல்ல நாங்கள் பில் நோட்டின் பின்பக்கம் எழுதினோம். முதலில் பழைய சரக்கில் மிஞ்சியிருந்த நல்ல வெள்ளீயம். சூடு மளமளவென்று இறங்கி 232-ல் நின்றது. நின்றது நின்றதுதான், முழுதும் கட்டியான பிறகே கீழே இறங்கியது. அடுத்து அந்தப் பாளம். 232-ல் நிற்கவே இல்லை. 215-க்குப் பக்கத்தில் கொஞ்சம் தயங்கியது, பிறகு மெதுவாக ஊர்ந்து 183-ல் வந்து நின்றது. எங்களுக்கு அங்கேயே வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஆனால் எவ்வளவு காரீயம்? இங்கேதான் ஒரு சிக்கல். கோடு இரண்டு பக்கமும் சரிவதால், 215 டிகிரி என்பது படத்தில் இரண்டு இடத்தில் பொருந்தும். 10 பங்கு காரீயம் உள்ளதும் அங்கேதான் இறுக ஆரம்பிக்கும், பாதிக்குப் பாதி கலந்ததும் ஏறத்தாழ அங்கேதான். “183-ல் எவ்வளவு நேரம் நிற்குதுன்னு பாருங்க மாமா. பாதிக்குப் பாதியா இருந்தா முக்கால்வாசி திரவம் அங்கதான் இறுகும், ரொம்ப நேரம் நிக்கும்” என்றான். எங்களுக்கோ அது கொஞ்ச நேரம்தான் நின்றது. ஊர்ஜிதம் செய்ய எடை பார்த்தோம். இது தாங்களும் கடையில் செய்யக்கூடியது என்பதால் விவரமாகச் சொல்கிறோம்.

வெள்ளீயம் தண்ணீரைப்போல் 7.3 மடங்கு கனம். காரீயம் 11.3 மடங்கு. ஒரு கிராம் சுத்தமாகக் காட்டும் எலக்ட்ரானிக் தராசில், பாதி தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாத்திரத்தை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். சொம்பை முதலில் தனியாக எடை போட்டிருக்க வேண்டும். பிறகு அதை நூலில் கட்டி, தண்ணீரில் முழுதும் மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல் கையால் தூக்கிப் பிடியுங்கள். உள்ளே காற்று தங்கக் கூடாது. இப்போது தராசு காட்டுவது சொம்பு தள்ளிய தண்ணீரின் எடை. 730 கிராம் சொம்பு சுத்த வெள்ளீயமானால் 100 கிராம் காட்டும். 10 பங்கு காரீயம் இருந்தால் 96. பாதிக்குப் பாதி என்றால் 82. எங்கள் சொம்பு 96 காட்டியது.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ஓரிரு பங்கு காரீயம் இருந்தால் தராசில் பிடிபடாது. காகிதத்தில் தேய்த்தால் கறுப்பு விழும் என்று சிலர் சொல்வது, காரீயம் அதிகமாக இருந்தால்தான் நம்பலாம். நகை பரிசோதிக்கும் இடங்களில் உள்ள எக்ஸ்ரே கருவியில் பார்ப்பது மேல். மொத்தமாக வாங்கும்போது அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

பையன் அன்றிரவு நிறையப் படங்கள் காட்டினான். கோணங்கோணமாக இருந்த பழைய இரண்டு ரூபாய் நாணயம் முக்கால் செம்பு, கால் நிக்கல். அவை எந்த விகிதத்திலும் ஒன்றோடொன்று முழுதும் கலந்துவிடும், சந்திக்கும் புள்ளியே அதில் கிடையாது. லண்டன் நாணயச் சாலையில் இருந்த ராபர்ட்ஸ் ஆஸ்டன் என்பவர் 1875-லேயே வெள்ளி செம்புக் கலவை எந்தச் சூட்டில் இறுகுகிறது என்று அளந்தாராம். பாளத்தின் நடுவில் ஒரு மாற்று, ஓரத்தில் ஒரு மாற்று என்று வந்தால் அரசாங்கத்துக்கே நஷ்டம் அல்லவா? நம் கோயில் விக்கிரகங்களின் வெண்கலத்திலும் இதே கதைதான். செம்பில் 10 பங்கு வெள்ளீயம் சேர்த்தால் 1000 டிகிரி சுமாரில் இறுக ஆரம்பித்து, நூறு டிகிரிக்கு மேல் இறங்கிய பிறகே முடிகிறது. கூடச் சேர்க்கும் காரீயம் செம்போடு ஒட்டாமல் கடைசிவரை திரவமாகவே இருக்கும். சுவாமிமலை ஸ்தபதிகள் மண் கருவைச் சூடாக்கி ஊற்றுவதை நேரில் பார்த்திருக்கிறோம். படம் வரையும் காலத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே அதைக் கையில் பிடித்திருந்தார்கள்.

ஓட்டல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பு, பித்தளைப் பாத்திரத்துக்குச் சரியாக ஈயம் பூசியிருக்க வேண்டும் என்று 2011-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. பூசினால் போதாது, எதைப் பூசினார்கள் என்றும் பாருங்கள்.

மறுநாள் காலையிலேயே வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கடையில் இருந்த இருபத்தொன்பது சொம்பை உடைத்தாயிற்று. பரங்கிப்பேட்டையில் ஐந்து, கிள்ளையில் மூன்று, விற்ற கடைக்காரர்களே வீடு வீடாகக் கூட வந்து வாங்கிக் கொடுத்தார்கள். கலாய்க்காரர்களிடம் போன ஈயத்துக்கு அவர்கள் பூசிய பாத்திரங்களை எங்கள் செலவில் திரும்பப் பூசச் சொன்னோம். பாளம் விற்ற வியாபாரி எங்கள் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. கச்சாத்து இல்லாமல் வாங்கியது எங்கள் தப்பு.

பிச்சாவரத்துக்குப் போனது மூன்று. படகுத்துறைப் பக்கம் ஓர் ஆயா வீட்டில் ஒன்று கிடைத்தது. “நல்லாத்தானே இருக்கு, எதுக்குப்பா பிடுங்குறே?” என்று கேட்டார். வேறு சொம்பும் ரசப்பொடியும் கொடுத்து வாங்கிவந்தோம். மற்ற இரண்டையும் வாங்கியவர்கள் யாரென்று கடைக்காரருக்கு நினைவில்லை. நாங்கள் விற்ற அந்தச் சொம்புகளின் அடியில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி முத்திரை இருக்கும். கிள்ளை, பிச்சாவரம் பகுதிக் கடைக்காரர்கள் யாராவது பழைய பாத்திரம் எடைக்கு வாங்கும்போது அந்த முத்திரையைக் கண்டால் எங்கள் கடைக்குத் தெரிவிக்கவும். புதுச் சொம்பு இன்றும் தருகிறோம்.