ஒருங்கமை நேரியல் சமன்பாடுகளில் நீக்கல் முறையும் அதன் காரணமும்: சீனத் தானியக் கணக்கை முன்வைத்து

முன்னுரை

ஒருங்கமை நேரியல் சமன்பாடுகளுக்குத் தீர்வு காணும் நீக்கல் முறை, காஸ் (1777–1855) என்னும் செருமானியக் கணிதவியலாளரின் பெயரால் வழங்கப்பெறுகிறது. எனினும், அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இம்முறை சீனத்தில் வழக்கில் இருந்தது. 'ஒன்பது இயல் கணிதக் கலை' என்னும் பழஞ்சீன நூலின் எட்டாம் இயல் இதற்குச் சான்றாகும். அவ்வியலின் முதற்கணக்கைக் கொண்டு, நீக்கல் முறையின் படிநிலைகளையும் அது பிழையற்ற விடை தருவதற்கான காரணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கணக்கின் அமைப்பு

மேல்தரம், நடுத்தரம், கீழ்த்தரம் என மூவகைத் தானியக் கதிர்க்கட்டுகள் உள்ளன. ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டு தரும் தானியத்தை முறையே அ, ஆ, இ எனக் கொண்டால், கணக்கு பின்வருமாறு அமையும்:

3அ + 2ஆ + இ = 39 … (1)
2அ + 3ஆ + இ = 34 … (2)
அ + 2ஆ + 3இ = 26 … (3)

சீனர் மாறிகளுக்கு எழுத்துக் குறியீடு வழங்கவில்லை. கெழுக்களை எண்ணுகுச்சிகளால் நிரல்களாக அடுக்கினர்; குச்சிகள் அமைந்த இடமே மாறியைச் சுட்டியது.

நீக்கும் படிநிலைகள்

(2)-ஐ 3ஆல் பெருக்கி, அதிலிருந்து (1)-ஐ இருமுறை கழிக்க, 5ஆ + இ = 24 … (4) எனக் கிடைக்கும். (3)-ஐ 3ஆல் பெருக்கி (1)-ஐ ஒருமுறை கழிக்க, 4ஆ + 8இ = 39 … (5) எனக் கிடைக்கும். (5)-ஐ 5ஆல் பெருக்கி (4)-ஐ நான்குமுறை கழிக்க, 36இ = 99 ஆகும். எனவே இ = 2¾. இதனைப் பின்னோக்கிப் பிரதியிட, ஆ = 4¼, அ = 9¼ எனப் பெறலாம். முதலில் பெருக்கி, வகுத்தலை இறுதிக்கு ஒத்திவைப்பதால், நீக்கல் முடியும்வரை பின்னம் தோன்றுவதில்லை.

முறையின் காரணம்

கி.பி. 263இல் இந்நூலுக்கு உரை கண்ட லியூ ஹுய், ஒரு நிரலிலிருந்து மற்றொன்றைக் கழிப்பதால் எஞ்சும் எண்களின் உறவு பழுதுறாது எனக் காரணம் காட்டுகிறார். சமமானவற்றிலிருந்து சமமானவற்றைக் கழித்தால் எஞ்சுவனவும் சமமே. ஆகவே பழைய தொகுப்பின் தீர்வு புதிய தொகுப்புக்கும் தீர்வாகும். ஆயின், இது பாதி நிறுவலே. புதிய தொகுப்பின் தீர்வு பழையதற்கும் பொருந்துமா என்பது மறுபாதி. (4)-உடன் (1)-ஐ இருமுறை கூட்டி 3ஆல் வகுத்தால் (2) மீண்டும் கிடைக்கிறது. இவ்வாறு ஒவ்வொரு படியும் மீளத்தக்கதாக இருப்பதால், தீர்வு எதுவும் புதிதாக நுழைவதில்லை. சமன்பாட்டைச் சுழியால் பெருக்கலாகாது என்பதன் காரணமும் இதுவே; அப்படி மீள இயலாது.

முடிவுரை

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்னும் வகுப்பறை விதி, இருபுறமும் சமமாகக் கழிப்பதன் சுருக்க வடிவமே. விதியை மட்டும் அறிந்த மாணவர், நீக்கலின் முடிவில் 0 = 0 அல்லது 0 = 5 என வரும்போது திகைத்து நிற்பர். காரணத்தை அறிந்தவரோ, முன்னதில் ஒரு சமன்பாடு புதுச்செய்தி எதுவும் தரவில்லை என்றும், பின்னதில் தீர்வே இல்லை என்றும் உணர்வர். எனவே நீக்கல் முறையைக் கற்பிக்கும்போது, படிநிலைகளோடு அவற்றின் மீளும் தன்மையையும் சேர்த்துக் கற்பித்தல் இன்றியமையாதது.