இணையவழி மனநல ஆலோசனை: குடும்பத்தினரின் பங்கு என்ன?

‘நேரில் பார்க்காமல், கைப்பேசித் திரையில் பேசினால் மட்டும் மனம் தேறிவிடுமா, டாக்டர்?’ புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற நீண்டகால நோய்களுக்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்குக் காணொளி வழியே அளிக்கப்படும் உளவியல் சிகிச்சை, நேரில் அளிக்கப்படும் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையான பலனைத் தருகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும், நேரில் வருவோருக்கு மருத்துவமனை தானாகவே தந்துவிடும் ஒன்றை, காணொளி அமர்வில் வீடுதான் தர வேண்டும். அது தனிமை.

அதன் அருமையை எங்களுக்கு உணர்த்திய ஒரு நிகழ்வை, அடையாளங்களை மாற்றி இங்கே கூறுகிறோம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடித்த ஐம்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர், தூக்கமின்மையாலும் ஓயாத அச்சத்தாலும் துன்புற்றார். ஊர் நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருந்ததால், எங்கள் துறையின் அனுபவமிக்க மருத்துவ உளவியலாளர் வாரம் ஒருமுறை காணொளியில் அவருடன் பேச ஏற்பாடாயிற்று. முதல் மூன்று அமர்வுகளிலும் அவர், ‘பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன்’ என்றே கூறிக்கொண்டிருந்தார். பதில் சொல்லும் முன் அவர் பார்வை ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் சென்று திரும்புவதை உளவியலாளர் கவனித்தார். நான்காம் அமர்வின் தொடக்கத்தில், ‘அம்மா, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?’ என்று கேட்டார். ‘ஆம்’ என்றார் அம்மையார்.

அருகில் அமர்ந்திருந்தவர் அவருடைய கணவர். நோயின் தொடக்கம் முதல் ஒருநாளும் மனைவியைத் தனியே விடாதவர். கைப்பேசியைப் பிடித்துக்கொள்வதும், மனைவி தயங்கும் இடத்தில் பதில் எடுத்துக் கொடுப்பதும் தம் கடமை என்று கருதியவர். உளவியலாளர் அவருக்கு நன்றி கூறி, ஐம்பது நிமிடங்கள் வெளியே இருக்குமாறு கேட்டுக்கொண்டார். கதவு சாத்தப்பட்டது. சற்று நேரம் அழுத பின் அம்மையார் சொன்ன செய்தி இது: புற்றுநோய் திரும்பாமல் தடுக்கத் தரப்பட்ட தமாக்சிபென் மாத்திரையை அவர் இரண்டு மாதங்களாக விழுங்கவே இல்லை. அதை உட்கொண்டால் உடல் திடீர் திடீரென அனலாய்க் கொதித்தது, இரவெல்லாம் வியர்த்தது. மாதந்தோறும் நகரத்துக்குச் சென்று மாத்திரை வாங்கி வரும் கணவரிடம் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அந்த மாத்திரை பொதுவாக ஐந்து ஆண்டுகளேனும் தொடர வேண்டியது. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். அம்மையாரின் ஒப்புதலோடு உளவியலாளர் புற்றுநோய் மருத்துவருக்குத் தகவல் தந்தார். பக்கவிளைவைத் தணிக்க மருத்துவம் செய்யப்பட்டது. மாத்திரையும் மீண்டும் தொடங்கப்பட்டது. ‘என்ன சொன்னாள்?’ என்று கணவர் கேட்டபோது, ‘அதை அவர்களே உங்களிடம் சொல்வார்கள்’ என்று மட்டும் பதில் வந்தது. சில வாரங்களில் அம்மையாரே சொன்னார்.

அமர்வில் என்ன நடைபெறும்?

ஓர் அமர்வு பெரும்பாலும் 45 முதல் 50 நிமிடங்கள் நீடிக்கும். முதல் அமர்வில் உளவியலாளர் நோயாளியின் பெயர், அப்போது இருக்கும் இடத்தின் முகவரி, அவசரத்தில் அழைக்கவேண்டிய உறவினரின் எண் ஆகியவற்றைக் கேட்பார். இதைக் கண்டு ஐயுற வேண்டாம். அமர்வின் நடுவே ஆபத்து நேர்ந்தால் உதவி அனுப்புவதற்கே அவை தேவைப்படுகின்றன. இணைப்புத் துண்டிக்கப்பட்டால் யார் யாரை அழைப்பது என்பதையும் அப்போதே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

தேர்ந்த உளவியலாளர் அறிவுரைகளை அடுக்குவதில்லை. எந்த எண்ணம் அச்சத்தைக் கிளப்புகிறது, அந்த அச்சம் அன்றாட வாழ்வில் எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பவற்றை நோயாளியோடு சேர்ந்து ஆராய்வார். அடுத்த வாரத்துக்குள் செய்து பார்க்கச் சிறு பயிற்சிகள் தருவார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். ஓரிரு அமர்வுகளில் மாற்றம் காணாததால் நிறுத்திவிட வேண்டாம்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

கதவு உள்ள ஓர் அறையை அந்த நேரத்துக்கு ஒதுக்கித் தாருங்கள். ஒரே அறை உள்ள வீடாயின், மற்றவர்கள் அந்த நேரத்தில் வெளியே சென்று வரலாம். நோயாளி மொட்டைமாடியிலோ நிறுத்தி வைத்த வாகனத்திலோ அமர்ந்தும் பேசலாம். காதில் பொருத்தும் ஒலிவாங்கி இருந்தால் எதிர்முனைக் குரல் பிறருக்குக் கேட்காது. கதவுக்கு வெளியே நின்று கேட்பதையும், அமர்வை ஒலிப்பதிவு செய்வதையும், முடிந்தவுடன் ‘என்ன பேசினாய்?’ என்று வினவுவதையும் தவிர்த்திடுங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இருந்தால், நோயாளிக்குத் தெரிவித்துவிட்டுக் குடும்ப அமர்வு ஒன்றைக் கேட்டுப் பெறலாம்.

மனநலச் சிகிச்சையில் பகிரப்படும் செய்திகளின் மறைகாப்பு, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு அளித்துள்ள உரிமையாகும். உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற ஆணை போன்ற சில சூழல்களே இதற்கு விலக்கு.

வெளியில் ஆலோசகரைத் தேடுவோர், அவருடைய தகுதியையும் பதிவு எண்ணையும் தயங்காமல் கேட்கலாம். மருத்துவ உளவியலாளர் எனில் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலிலும், மனநல மருத்துவர் எனில் மருத்துவக் கவுன்சிலிலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. மருந்து தேவையெனில் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். மத்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, சில மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித் தர இயலாது. அவற்றுக்கு நேரில் வரவேண்டியிருக்கும்.

காணொளி போதாத நேரங்கள்

தற்கொலை எண்ணத்தை வெளிப்படுத்துதல், திடீர்க் குழப்பம், இல்லாத குரல் கேட்பதாகக் கூறுதல், உணவையும் நீரையும் மறுத்தல் ஆகியவை தென்பட்டால் அடுத்த அமர்வுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வீட்டிலேயே ஒருவரால் அச்சுறுத்தப்படும் நோயாளிக்கும் நேரில் சந்திப்பதே பாதுகாப்பானது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

உடனிருந்து காப்பதையே அன்பு என்று நாம் பழகியிருக்கிறோம். வாரத்தில் ஐம்பது நிமிடங்கள் மட்டும், கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பதும் நோயாளிக்கு நீங்கள் செய்யும் பணிவிடைதான் என்பதை நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.