காயல்: கடல் விலகிய துறைமுகம்

கடற்கரை காணச் செல்வோர் பெரும்பாலும் அலையையும் மணலையும் கண்டு திரும்புகின்றனர். அம்மணலே ஒரு வரலாற்றை மூடிக் கிடப்பதைத் தாமிரபரணி கடலொடு கலக்கும் பகுதியில் நாம் உணர்கிறோம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, 'காயில்' என்னும் மாநகரைப் பற்றி எழுதிவைத்தார். ஹுர்முஸ், கீஷ், ஏடன் துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய மரக்கலங்கள் அங்கே வந்தடைந்தன. பாண்டியரின் அமைச்சராக விளங்கிய தகீயுத்தீன் அப்துர் ரஹ்மானின் பொறுப்பில் காயல் இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிப்பிடுகிறார்.

அத்துறைமுகம் எங்கே? ஆறு கொணர்ந்த வண்டலே விடை. சங்க காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை, வண்டல் படியப் படியக் கடலை இழந்தது. அதன் இடத்தைப் பெற்ற காயலும் பின்னர் அவ்வாறே தூர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆராய்ந்த கால்டுவெல், மண்ணில் சிதறிக் கிடந்த சீனப் பீங்கான் துண்டுகளையும் அரபுநாட்டு மட்கலத் துண்டுகளையும் கண்டு, இன்றைய பழையகாயலே அந்நகரம் எனக் கருதினார். காயல்பட்டினமே அது என்பாரும் உளர். எவ்வாறாயினும், அவ்வணிக மரபின் உயிருள்ள வாரிசு காயல்பட்டினமே.

திருச்செந்தூருக்கு வடக்கே அமைந்த இவ்வூரில், மாலையில் மக்கள் கூடும் விரிந்த கடற்கரை உண்டு. ஆயினும் அங்கேயே நின்றுவிடலாகாது. வீடுகளின் பின்புறம் பெண்கள் புழங்குவதற்கென விடப்பட்ட குறுகிய முடுக்குகள், மணமான பின்னும் மகள் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கம், கல்தூண்கள் தாங்கும் பழம்பள்ளிகள், அரபு எழுத்துப் பொறித்த மீசான்கற்கள் ஆகிய யாவும் ஊன்றிக் காணத்தக்கவை. கீழக்கரையில் அடங்கியுள்ள சதக்கத்துல்லா அப்பா அவர்கள் பிறந்த மண்ணும் இதுவே.

மீசான்கல்லில் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் இருந்தால், அது ஒரு குடும்பத்தின் நினைவு மட்டுமன்று. காலத்தை உறுதிசெய்யும் சான்றாகும். உப்புக்காற்று அவ்வெழுத்துகளை அரிக்கிறது. சுண்ணாம்பும் வண்ணப்பூச்சும் அவற்றை மறைக்கின்றன. புதுப்பிக்கும் ஆர்வத்தில் கல்லை இடம் மாற்றினால், அது எந்த அடக்கத்திற்கு உரியது என்னும் செய்தியே அழிந்துபோகும். ஒரு படம் எடுத்து, வாசகத்தைப் படியெடுத்து, இருந்த இடத்தைக் குறித்துவைக்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை.

ஆறு மூடிய துறைமுகத்தை நம்மால் மீட்க இயலாது. கல்லில் எஞ்சியிருப்பதைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.