தன்யூப் மிதிவண்டிப் பாதை (பசாவு – வியன்னா)

தன்யூப் மிதிவண்டிப் பாதை என்பது ஐரோப்பாவின் தன்யூப் ஆற்றை ஒட்டிச் செல்லும் நெடுந்தொலைவு மிதிவண்டி வழியாகும். செருமனியின் தோனவேஷிங்கன் நகரில் தொடங்கும் இவ்வழி ஆற்றைப் பின்பற்றிக் கிழக்கு நோக்கிச் செல்கிறது. இதன் மிகவும் அறியப்பட்ட பகுதி செருமனியின் பசாவு நகருக்கும் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கும் இடைப்பட்டதாகும். சுமார் 320 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பகுதியே இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது. அட்லாண்டிக் கரையையும் கருங்கடலையும் இணைக்கும் யூரோவெலோ 6 என்ற ஐரோப்பிய மிதிவண்டி வழியும் இதன் ஊடாகவே செல்கிறது.

இப்பகுதியின் பெரும்பங்கு தானுந்துப் போக்குவரத்து இல்லாத கரைப்பாதைகளையும், போக்குவரத்துக் குறைந்த ஊர்ச்சாலைகளையும் கொண்டது. ஆற்றின் நீரோட்டத் திசையிலேயே வழி அமைந்துள்ளதால் ஏற்றங்கள் மிகக் குறைவு. பசாவில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பாதை, வியன்னாவில் ஏறத்தாழ 160 மீட்டருக்கு இறங்குகிறது. மேற்குக் காற்றே இங்கு மிகுதியாக வீசுவதும் கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு உதவுகிறது. இக்காரணங்களால் சிறுவர்களும் முதியோரும்கூட இவ்வழியில் பயணம் செய்ய இயலுகிறது.

வரலாறு

இழுபாதைகள்

இன்று மிதிவண்டிகள் செல்லும் கரைப்பாதையின் மூலம் திரெப்பல்வெக் எனப்படும் இழுபாதை ஆகும். நீராவிக் கப்பல்கள் வருவதற்கு முன், சரக்குப் படகுகள் கீழ்நோக்கி நீரோட்டத்துடன் மிதந்து சென்றன. மேல்நோக்கித் திரும்பும்போது அவற்றைக் கரையிலிருந்து குதிரைகள் கயிறு கட்டி இழுத்தன. பெரிய படகுத் தொடர்களுக்குப் பல பத்துக் குதிரைகள் தேவைப்பட்டன. அவை நடப்பதற்காகக் கரையோரம் சமமான ஒடுங்கிய பாதை பேணப்பட்டது. பாறை குறுக்கிட்ட இடங்களில் குதிரைகள் படகில் ஏற்றப்பட்டு மறுகரைக்குக் கொண்டு செல்லப்பட்டன.

1829-இல் தன்யூப் நீராவிக் கப்பல் நிறுவனம் வியன்னாவில் நிறுவப்பட்டது. இதன் பிறகு 19-ஆம் நூற்றாண்டில் குதிரை இழுவை படிப்படியாக மறைந்தது. எனினும் ஆற்றைப் பராமரிக்கும் பணியாளர்களுக்குத் தேவைப்பட்டதால் பாதைகள் அழியாமல் நின்றன.

அணைகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியா தன்யூப் ஆற்றில் தொடராக நீர்மின் நிலையங்களைக் கட்டியது. செருமன் எல்லையில் இரு நாடுகளும் இணைந்து கட்டிய யோகன்ஸ்டைன் நிலையம், இப்ஸ்-பெர்சன்பாய்க் (1959), மெல்க் (1982), கிரைஃபென்ஸ்டைன் (1985), வியன்னாவின் ஃபிராய்டனாவ் (1998) ஆகியவை இவற்றுள் சில. ஒவ்வொரு அணைக்கும் மேலே நீர் தேங்கியதால் கரைகள் உயர்த்தப்பட்டன. உயர்த்தப்பட்ட கரைகளின் மீது பராமரிப்புச் சாலைகள் போடப்பட்டன. இச்சாலைகளும் பழைய இழுபாதைகளும் 1980-களில் மிதிவண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டுத் தொடர்ச்சியான வழியாக இணைக்கப்பட்டன. பல அணைகள் மிதிவண்டியினருக்கு ஆற்றைக் கடக்கும் பாலங்களாகவும் பயன்படுகின்றன.

ஆகவே இப்பாதையின் சமதளத் தன்மைக்கும் அமைதிக்கும் அணைகளும் ஒரு காரணமாகும். அதே வேளையில், பாதையின் புகழ்பெற்ற பகுதியான வாஹாவ் பள்ளத்தாக்கு அணை கட்டப்படாததாலேயே இன்றைய தோற்றத்தில் உள்ளது.

வழித்தடம்

பயணத்தைப் பொதுவாகப் பின்வருமாறு பிரிப்பர் (தொலைவுகள் தோராயமானவை, தேர்ந்தெடுக்கும் கரையைப் பொறுத்து மாறும்):

- பசாவு – ஷ்லோகன்: 45 கி.மீ.
- ஷ்லோகன் – லின்ஸ்: 50 கி.மீ.
- லின்ஸ் – கிரைன்: 60 கி.மீ.
- கிரைன் – மெல்க்: 45 கி.மீ.
- மெல்க் – கிரெம்ஸ்: 35 கி.மீ.
- கிரெம்ஸ் – துல்ன்: 45 கி.மீ.
- துல்ன் – வியன்னா: 40 கி.மீ.

ஆற்றங்கரையில் காணப்படும் கிலோமீட்டர்ப் பலகைகள் மிதிவண்டிப் பாதைக்கு உரியவை அல்ல. அவை கப்பல் போக்குவரத்துக்கானவை. தன்யூப் ஆற்றில் தொலைவு கழிமுகத்திலிருந்து மேல்நோக்கி அளக்கப்படுவதால், பசாவில் ஏறத்தாழ 2,226 என இருக்கும் எண், வியன்னாவில் ஏறத்தாழ 1,929 ஆகக் குறைகிறது.

பசாவு முதல் லின்ஸ் வரை

பசாவில் தன்யூப், இன், இல்ஸ் ஆகிய மூன்று ஆறுகள் கூடுகின்றன. அங்கிருந்து காடடர்ந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கின் ஊடாகப் பாதை செல்கிறது. ஷ்லோகன் அருகே ஆறு கடினமான கருங்கல் பாறைகளை அறுத்துக்கொண்டு ஏறத்தாழ 180 பாகை திரும்புகிறது. இவ்வளைவின் இடக்கரையில் ஒரு பகுதியில் செங்குத்துச் சரிவு காரணமாகப் பாதை இல்லை. அங்கு மிதிவண்டியினர் படகில் ஏறிச் செல்வர்.

லின்ஸ் முதல் மெல்க் வரை

லின்ஸ் நகரைக் கடந்தபின் பள்ளத்தாக்கு விரிந்து வயல்வெளியாகிறது. இடக்கரையில் உள்ள மவுத்தாவுசன் பழைய சுங்கச்சாவடி ஊராகும். ஊருக்கு மேலுள்ள குன்றில் 1938 முதல் 1945 வரை நாட்சி வதைமுகாம் இயங்கியது. இம்முகாமிலும் அதன் கிளை முகாம்களிலும் சுமார் 1,90,000 பேர் அடைக்கப்பட்டனர். அவர்களுள் குறைந்தது 90,000 பேர் உயிரிழந்தனர். கைதிகள் கருங்கல் சுமந்து ஏறிய 186 படிகளைக் கொண்ட கற்சுரங்கம் நினைவிடத்தின் பகுதியாகப் பாதுகாக்கப்படுகிறது. கரைப்பாதையிலிருந்து அங்கு செல்லக் கடினமான ஏற்றம் ஒன்றைக் கடக்க வேண்டும்.

கிரைன் சிற்றூரில் 1791-இல் அமைக்கப்பட்ட நகர நாடக அரங்கு உள்ளது. இவ்வூருக்குக் கீழே இருந்த நீர்ச்சுழிகளும் பாறைகளும் முற்காலத்தில் படகோட்டிகளால் பெரிதும் அஞ்சப்பட்டன. வெடிவைத்துப் பாறைகள் அகற்றப்பட்டதாலும், பின்னர் இப்ஸ்-பெர்சன்பாய்க் அணையின் தேக்கத்தாலும் அவை மறைந்தன. ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் முதலாம் கார்ல் 1887-இல் பெர்சன்பாய்க் அரண்மனையில் பிறந்தவர்.

வாஹாவ் பள்ளத்தாக்கு

மெல்க், கிரெம்ஸ் ஆகிய நகரங்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கு வாஹாவ் எனப்படுகிறது. மெல்க் நகரின் பெனடிக்டின் துறவிமடம் 1089-இல் நிறுவப்பட்டது. இன்று காணப்படும் பரோக் கட்டடம் யாக்கோப் பிராண்டவர் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1702-இல் தொடங்கப்பட்டதாகும்.

இப்பள்ளத்தாக்கின் சரிவுகளில் சாந்து பூசாத கற்சுவர்களால் தாங்கப்பட்ட படிநிலைத் திராட்சைத் தோட்டங்கள் உள்ளன. ஆப்ரிகாட் மரங்களும் பெருமளவில் வளர்க்கப்படுகின்றன. வில்லன்டோர்ஃப் சிற்றூரில் 1908-இல் சுமார் 11 சென்டிமீட்டர் உயரமுள்ள பழங்கற்காலப் பெண் சிலை கண்டெடுக்கப்பட்டது. அது இப்பொழுது வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. டியூர்ன்ஸ்டைன் ஊருக்கு மேலுள்ள கோட்டையில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு 1192–93-இல் சிறைவைக்கப்பட்டார். அக்கோட்டை 1645-இல் சுவீடியப் படையினரால் தகர்க்கப்பட்டது. இன்று இடிபாடுகளே எஞ்சியுள்ளன.

இடக்கரைப் பாதை சிற்றூர்களின் ஊடாகவும் தோட்டங்களின் ஊடாகவும் செல்வதால் கோடையில் நெரிசல் மிகுந்திருக்கும். வலக்கரைப் பாதை அமைதியானது. எதிர்க்கரை ஊர்களின் முழுத் தோற்றத்தையும் அங்கிருந்தே காணமுடியும்.

கரை மாற விரும்புவோருக்கு ஷ்பிட்ஸ், வைசன்கிர்கன் ஆகிய ஊர்களில் வடம் கட்டிய படகுகள் உள்ளன. ஆற்றின் குறுக்கே மேலே கட்டப்பட்ட வடத்துடன் படகு இணைக்கப்பட்டிருக்கும். படகை நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திருப்பும்போது, அதன் பக்கத்தில் மோதும் நீரின் விசை அதை மறுகரைக்குத் தள்ளுகிறது. வடம் படகைக் கீழ்நோக்கி அடித்துச் செல்லப்படாமல் தடுக்கிறது. எனவே இப்படகுகள் ஆற்றைக் கடக்க எரிபொருள் தேவையில்லை. நீரோட்டம் இருத்தல் மட்டுமே தேவை.

கிரெம்ஸ் முதல் வியன்னா வரை

கிரெம்ஸ் நகருக்குப் பின் சமவெளி தொடங்குகிறது. வலக்கரையில் சுவென்டன்டோர்ஃப் அணுமின் நிலையம் உள்ளது. கட்டி முடிக்கப்பட்ட நிலையில் 1978-இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 50.47 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்ததால் அது ஒருபோதும் இயக்கப்படவில்லை. அடுத்துள்ள துல்ன், ஓவியர் எகான் ஷீலே 1890-இல் பிறந்த ஊராகும். வியன்னாவில் பாதை, வெள்ளத் தடுப்புக்காக உருவாக்கப்பட்ட சுமார் 21 கி.மீ. நீளமுள்ள தன்யூப் தீவை அடைகிறது.

பாதுகாப்பும் எதிர்ப்பு இயக்கங்களும்

வாஹாவ் பள்ளத்தாக்கிலும் நீர்மின் நிலையம் கட்டத் திட்டமிடப்பட்டது. 1970-களிலிருந்து உள்ளூர் மக்கள் அதை எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

வியன்னாவுக்குக் கிழக்கே ஹைன்பூர்க் அருகே அணை கட்டும் திட்டத்துக்கு எதிராக 1984 திசம்பரில் ஆயிரக்கணக்கானோர் கடுங்குளிரில் ஆற்றோரக் காட்டில் தங்கிப் போராடினர். அரசு பணிகளை நிறுத்தியது. 1996-இல் அக்காடு தன்யூப் ஆற்றோரத் தேசியப் பூங்காவானது. ஆஸ்திரியாவில் தன்யூப் ஆறு தடையின்றி ஓடும் நீண்ட பகுதிகள் இவ்விரண்டு மட்டுமே.

வெள்ளம்

ஆற்றை ஒட்டியே செல்வதால் பாதை வெள்ளத்தில் மூழ்குவதுண்டு. 2002, 2013 ஆகிய ஆண்டுகளில் பெரும் சேதம் ஏற்பட்டது. 2013 சூனில் பசாவில் நீர்மட்டம் 12.89 மீட்டரை எட்டியது. 1501-க்குப் பின் அங்கு பதிவான மிக உயர்ந்த அளவு இதுவாகும். கிரைன், கிரெம்ஸ் போன்ற ஊர்களில் வெள்ளக் காலத்தில் மட்டும் பொருத்தப்படும் கழற்றக்கூடிய தடுப்புச் சுவர்கள் அமைக்கப்பட்டுள்ளன. இதனால் ஊருக்கும் ஆற்றுக்கும் இடையே நிலையான உயர்ந்த சுவர் தவிர்க்கப்பட்டுள்ளது.

பயணக் காலம்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பயணத்துக்கு ஏற்ற காலமாகும். ஆப்ரிகாட் மரங்கள் மார்ச்சு இறுதியிலோ ஏப்ரலிலோ பூக்கின்றன. பழங்கள் சூலையில் கிடைக்கின்றன. திராட்சை அறுவடை இலையுதிர் காலத்தில் நடைபெறும். பசாவு, லின்ஸ், வியன்னா ஆகியவை தொடருந்தால் இணைக்கப்பட்டுள்ளதால் ஒரு பகுதியை மட்டும் மிதிவண்டியில் கடந்து திரும்புவது எளிது. குளிர்காலத்தில் சிறு படகுச் சேவைகள் பல இயங்குவதில்லை.

வியன்னாவுக்கு அப்பால்

வியன்னாவிலிருந்து பாதை சிலோவாக்கியத் தலைநகர் பிராத்திஸ்லாவாவுக்குத் தொடர்கிறது. அந்நகருக்கு அருகே எல்லையான மொராவா ஆற்றின் மீது 2012-இல் நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் மட்டுமான விடுதலைப் பாலம் திறக்கப்பட்டது. பனிப்போர்க் காலத்தில் இவ்வெல்லையைக் கடந்து தப்ப முயன்ற பலர் கொல்லப்பட்டனர். இன்று மிதிவண்டியினர் இங்கு நாடு மாறுகின்றனர்.