பித்தப்பைக்கு ஒரு வடிகால்

வலது விலா எலும்புக்குக் கீழே வலித்தால் நம்மில் பலர் முதலில் சொல்வது ‘கேஸ்ட்ரிக்’. ஒரு மாத்திரை, ஒரு குவளை சுடுநீர், கொஞ்சம் தைலம். பல நேரங்களில் அதுவே போதும். ஆனால் வலி ஐந்தாறு மணி நேரமாகியும் விடவில்லை, வலது தோள்பட்டை வரை ஏறுகிறது, கூடவே காய்ச்சலும் குமட்டலும் என்றால், அது வயிற்றுப் புளிப்பு அல்ல. பித்தப்பை வீங்கியிருக்கலாம்.

கேமரன் மலையில், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கும் கியா பார்மில் இந்தக் கணக்கு இன்னும் முக்கியமானது. மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் சிம்பாங் பூலாய் பாதையில் ஈப்போவுக்கு இறங்க வேண்டும். வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதையில் ஒன்றரை, இரண்டு மணி நேரமாகும். மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் அதுவும் நிச்சயமில்லை. தேயிலைத் தோட்டத்திலும் காய்கறித் தோட்டத்திலும் வேலை செய்பவர் வலியோடு இரண்டு நாள் சமாளித்துவிட்டுத்தான் கீழே வருகிறார் என்றால், அந்த இரண்டு நாளில் உள்ளே என்ன நடக்கும்?

பித்தப்பை கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பை. 30 முதல் 50 மில்லிலிட்டர் பித்தநீர் கொள்ளும். அதன் கழுத்தில் ஒரு கல் சிக்கினால் பித்தநீர் வெளியேற முடியாது. பை உப்புகிறது, சுவர் தடிக்கிறது, தேங்கிய நீரில் கிருமி பெருகுகிறது. முற்றினால் உள்ளே சீழ் பிடிக்கும். சுவருக்கு ரத்தம் போகாமல் அழுகி ஓட்டை விழவும் கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி மந்தமாகத் தெரிந்தபடியே நோய் முற்றிவிடுவதுண்டு. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

வழக்கமான மருந்து அறுவைதான். நுண்துளை வழியே பித்தப்பையை எடுத்துவிடுவார்கள், சில நாளில் வீடு திரும்பலாம். சிக்கல் எங்கே என்றால், சிலருக்கு மயக்க மருந்தே ஆபத்து. ரத்த அழுத்தம் மருந்தால் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கும், சுவாசக் கருவி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். தீக்காயம், விபத்து, ரத்தத்தில் கிருமி என்று நாள்கணக்கில் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்குக் கல்லே இல்லாமலும் பித்தப்பை அழற்சி வரும். இவர்களை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவதே ஒரு சோதனை. ஆகவே கருவி படுக்கைக்கு வருகிறது.

அல்ட்ராசவுண்ட் கருவியைச் சக்கர வண்டியில் உருட்டி வரலாம். வலது பக்க விலாக்களுக்கு இடையே அதன் முனையை வைத்தால் திரையில் கல்லீரல் சாம்பல் நிறத்திலும், நீர் நிறைந்த பித்தப்பை கறுப்புப் பையாகவும் தெரியும். தோலை மரத்துப்போகச் செய்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே மருத்துவர் ஊசியைச் செலுத்துகிறார். ஊசி பெரும்பாலும் கல்லீரலின் ஒரு ஓரத்தைத் துளைத்துத்தான் பித்தப்பைக்குள் நுழையும். கேட்க விபரீதமாகத் தோன்றும், ஆனால் காரணம் உண்டு: கல்லீரல் குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது, பித்தநீர் வயிற்றுக்குள் ஒழுகும் வாய்ப்பு குறைகிறது. அதே காரணத்தால் ரத்தக் கசிவின் அபாயமும் இருக்கிறது. அதனால்தான் முன்கூட்டியே ரத்தம் உறையும் திறனைப் பரிசோதிக்கிறார்கள்.

ஊசி வழியே எடுத்த நீரில் கொஞ்சம் ஆய்வகத்துக்குப் போகும், எந்தக் கிருமி, எந்த மருந்துக்குப் பணியும் என்று பார்க்க. பிறகு ஊசிக்குள் மெல்லிய வழிகாட்டிக் கம்பி, ஊசி வெளியே, கம்பியின்மேல் குழாய். சுவீடனின் கதிரியக்க மருத்துவர் செல்டிங்கர் 1953இல் ரத்தக்குழாய்களுக்காகச் சொன்ன உபாயம் இது. இன்று உடம்பின் பல இடங்களுக்கு அதுவே வழி. குழாய் மூன்று மில்லிமீட்டர் கூட இருக்காது. உள்முனை பன்றி வால்போலச் சுருண்டு நிற்கும், எளிதில் நழுவாது. வெளிமுனையில் ஒரு பை.

பித்தப்பையைத் திறந்து வடிக்கும் யோசனை பழையது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 1867இல் பாப்ஸ் என்ற மருத்துவர், கட்டி என்று நினைத்து ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். பார்த்தால் கல் நிறைந்த பித்தப்பை. கற்களை எடுத்துத் தைத்துவிட்டார், அந்தப் பெண் பிழைத்தார். 1882இல் பெர்லினில் லாங்கன்பூக் பையையே எடுத்துவிட்டார், கல் மறுபடி வரக் கூடாது என்பதற்காக. அல்ட்ராசவுண்டைப் பார்த்து ஊசியால் வடிக்கும் முறை 1980 வாக்கில்தான் மருத்துவ இதழ்களில் தலைகாட்டியது.

சிறு ஊசியில் வேலை முடிகிறதென்றால் எல்லாருக்கும் இதையே செய்யலாமே என்று தோன்றும். கூடாது. நெதர்லாந்தில் 142 நோயாளிகளை வைத்து நடந்து 2018இல் வெளியான சோதனை இதற்குப் பதில் சொன்னது. அறுவைக்கு ஆபத்தானவர்கள் என்று கருதப்பட்டவர்களிலேயே, பித்தப்பையை எடுத்தவர்களில் 12 விழுக்காட்டினருக்குப் பெரிய சிக்கல் வந்தது. குழாய் வைத்தவர்களில் 65 விழுக்காடு. மறுபடி வலி, மறுபடி அனுமதி, மறுபடி குழாய். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் அந்தச் சோதனையில் சேர்க்கப்படவே இல்லை. படுக்கையை விட்டு நகர்த்த முடியாதவருக்குக் குழாய் இன்றும் உயிர்க்கயிறுதான். ‘வயசாகிவிட்டது, குழாய் போதும்’ என்று சுலபமாக முடிவெடுப்பதைத்தான் அந்த எண்கள் கேள்வி கேட்கின்றன. குடும்பத்தார் மருத்துவரிடம் ‘அறுவை ஏன் வேண்டாம்?’ என்று ஒருமுறை கேட்பதில் தவறில்லை.

வடிந்தவுடன் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும், வலி தணியும். இறங்கவில்லை என்றால் சுவர் அழுகியிருக்கலாம், அல்லது கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம்.

பலர் குழாயோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். பையைக் காலி செய்ய வேண்டும், எவ்வளவு வடிந்தது, என்ன நிறம் என்று குறித்துவைக்க வேண்டும். பித்தநீர் நிறைய வெளியேறினால் உடம்பின் நீரும் உப்பும் குறையும். தூக்கத்தில் புரண்டு குழாய் பிடுங்கிக்கொள்வது அடிக்கடி நடக்கும் தொல்லை. தானே திரும்பச் செருகப் பார்க்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குனிந்து நிமிர்ந்து கொழுந்து கிள்ளுகிறவரும் கூடை தூக்குகிறவரும் அந்த வாரங்களில் வேலைக்குப் போவதை மறந்துவிட வேண்டும். கியா பார்மிலிருந்து ஒவ்வொரு முறையும் கீழே இறங்குவதற்கான வண்டியையும் ஆளையும் முன்பே பேசி வைப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

குழாயைச் சுற்றி உடம்பு தானே ஒரு சுரங்கம் கட்ட மூன்று முதல் ஆறு வாரம் எடுக்கும். அதற்குப் பிறகு குழாய் வழியே சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். சாயம் தடையின்றிக் குடலுக்குள் இறங்கினால் குழாயை உருவிவிடலாம். கல் உள்ளேயே இருந்து, நோயாளி அதற்குள் தேறியிருந்தால், அறுவைக்கு நாள் குறிப்பார்கள்.