நம் இல்லத்தில் வியட்நாம் இறால் ரொட்டி

ஒரு நாட்டின் வரலாறு அதன் ஏடுகளில் மட்டுமன்றி அடுக்களையிலும் எழுதப்பட்டிருக்கும். வியட்நாம் மக்கள் தெருவோரக் கடைகளில் வாங்கி நாள்தோறும் உண்ணும் 'பான் மீ' இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அவர்கள் மொழியில் 'மீ' என்பது கோதுமை. 'பான்' என்பது மாவினால் ஆகிய பண்டம். நீண்ட ரொட்டியைப் பிளந்து, அதனுள் இறைச்சியோ மீனோ இறாலோ வைத்து, காடியில் ஊறிய காய்களும் கொத்துமல்லியும் மிளகாயும் சேர்த்து அளிப்பதே இப்பண்டம். இதன் கதையையும், கடலுணவைக் கொண்டு இதனை இல்லத்திலேயே செய்யும் முறையையும் இத்திங்கள் காண்போம்.

அயலார் கொணர்ந்த ரொட்டி

1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படைகள் சைகோன் நகரைக் கைப்பற்றின. அவர்களுடன் நீள ரொட்டியும் வந்தது. அரிசியே உணவாகிய அந்நாட்டிற்குக் கோதுமை மாவு கப்பலில் வந்து இறங்க வேண்டியிருந்தது. எனவே தொடக்கத்தில் ரொட்டி ஆளவந்தோரின் மேசைக்கும், வசதி படைத்தோரின் மேசைக்குமே உரியதாயிற்று. பொதுமக்கள் அதனை 'மேல்நாட்டுப் பண்டம்' என்றே அழைத்தனர்.

1954-இல் பிரெஞ்சு ஆட்சி முடிவுற்றது. ஜெனீவா உடன்படிக்கையால் நாடு இரண்டாகப் பிரிந்தபோது, வடக்கிலிருந்து எட்டு லட்சத்திற்கும் மேற்பட்டோர் தெற்கே குடிபெயர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவ்வாறு வடக்கிலிருந்து வந்த ஒரு தம்பதியர் 1958-இல் சைகோனில் 'ஹோவா மா' என்னும் கடையைத் திறந்தனர். தட்டில் தனித்தனியே பரிமாறப்பட்டு வந்த ரொட்டியையும் இறைச்சியையும், அமர்ந்து உண்ண நேரமற்ற உழைப்பாளிகளுக்காக ஒன்றாக்கிக் கையில் கொடுத்தனர் என்பர். 1975-இல் போர் முடிந்தபின் ஏதிலிகளாய்ப் புறப்பட்டோர் இவ்வுணவைப் பாரிஸ், கலிபோர்னியா, சிட்னி என உலகெங்கும் கொண்டு சென்றனர். 2011-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலும் 'பான் மீ' இடம்பெற்றது.

நமக்கும் இக்கதையில் ஓர் உறவுண்டு. பிரெஞ்சு ஆட்சியின்போது புதுச்சேரி, காரைக்காலைச் சேர்ந்த தமிழர் பலர் அரசுப் பணிக்கும் வாணிபத்திற்கும் சைகோன் சென்று வாழ்ந்தனர். அந்நகரின் மாரியம்மன் கோயில் அதற்குச் சான்றாக நிற்கின்றது. 1954-ஆம் ஆண்டிலேயே புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர் கையினின்று இந்தியாவுடன் இணைந்தது. நீள ரொட்டி அங்குள்ள கடைகளில் இன்றும் கிடைக்கின்றது.

தேவையான பொருள்கள் (நால்வருக்கு)

சுத்தம் செய்த இறால் 400 கிராம்; எலுமிச்சைப் புல் 2 தண்டு; பூண்டு 4 பல்; சின்ன வெங்காயம் 4; மீன் சாறு 1 மேசைக்கரண்டி; சர்க்கரை 1 தேக்கரண்டி; மிளகுத் தூள் அரைத் தேக்கரண்டி; எண்ணெய் 2 மேசைக்கரண்டி.

ஊறுகாய்க்கு: காரட் 150 கிராம், வெள்ளை முள்ளங்கி 150 கிராம், உப்பு 1 தேக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, வினிகர் 100 மில்லி, வெந்நீர் 100 மில்லி.

நீள ரொட்டி சிறியது 4, வெள்ளரிக்காய் 1, கொத்துமல்லி ஒரு கட்டு, பச்சை மிளகாய் 2.

'மீன் சாறு' என்பது நெத்திலி மீனையும் உப்பையும் மரத் தொட்டிகளில் ஏறத்தாழ ஓராண்டு ஊறவைத்து வடிப்பது. வியட்நாமின் ஃபூ குவோக் தீவு இதற்குப் பெயர் பெற்றது. கிடைக்காவிடில் சிறிது உப்பும் சோயா சாறும் சேர்த்துக்கொள்ளலாம்.

செய்முறை

முதலில் ஊறுகாயைத் தொடங்குக. காரட்டையும் முள்ளங்கியையும் தீக்குச்சி அளவில் நறுக்கி, உப்பிட்டுப் பிசறிக் கால் மணி நேரம் வைக்கவும். துண்டுகள் உடையாமல் வளையும் பதம் வந்ததும் கழுவிப் பிழியவும். வெந்நீரில் சர்க்கரையைக் கரைத்து, வினிகர் சேர்த்து, ஆறியபின் காய்களை அதில் ஒரு மணி நேரமேனும் ஊறவிடவும்.

இறாலின் முதுகைக் கீறிக் கருநிறக் குடலை நீக்குக. எலுமிச்சைப் புல்லின் அடித்தண்டு, பூண்டு, வெங்காயம் ஆகியவற்றை இடித்து, மீன் சாறு, சர்க்கரை, மிளகுத் தூளுடன் இறாலில் பிசறி இருபது நிமிடம் வைக்கவும். இந்நிலையில் எலுமிச்சைச் சாறு சேர்க்கலாகாது; புளிப்பு இறாலை விறைக்கச் செய்யும். பின்னர் வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெயில் இருபுறமும் புரட்டி வதக்குக. சிறிய இறால் மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். உள்ளும் புறமும் வெண்மையும் செம்மையுமாய் மாறியவுடன் இறக்கிவிட வேண்டும். மேலும் வைத்தால் ரப்பர்போல் ஆகும்.

ரொட்டியின் மேல் சிறிது நீர் தெளித்து, அடுப்புப் பெட்டியிலோ மூடிய தோசைக்கல்லிலோ ஐந்து நிமிடம் சூடாக்கினால் மேலோடு மொறுமொறுப்பாகும். பக்கவாட்டில் கீறி, உள்ளிருக்கும் மெத்தைப் பகுதியைச் சிறிது அகற்றி, இறால், பிழிந்த ஊறுகாய், நீளவாக்கில் நறுக்கிய வெள்ளரி, கொத்துமல்லி, மிளகாய் என வரிசையாய் அடுக்கி உடனே பரிமாறுக. இறாலின் இனிப்பு, ஊறுகாயின் புளிப்பு, மல்லியின் மணம், மேலோட்டின் முறுக்கு ஆகிய நான்கும் ஒரே கடியில் கூடுவதே இதன் சுவை.

இறால் விலை மிகுந்த நாளில் சாளை மீன் உதவும். தக்காளிச் சாற்றில் சமைத்த சாளையை ரொட்டியில் வைத்து உண்பது வியட்நாமிலும் வழக்கமே. தக்காளியும் வெங்காயமும் சேர்த்துச் சாறு கெட்டியாகும்வரை வேகவைத்து, முள் நீக்கிப் பயன்படுத்தலாம்.

எச்சரிக்கை வேண்டும்

கடைகளில் ரொட்டியினுள் முட்டையும் எண்ணெயும் கடைந்த 'மயோனைஸ்' தடவுவர். பச்சை முட்டையில் செய்வதாயின் இதில் நோய்க்கிருமிகள் பெருகக் கூடும். இத்தகைய ரொட்டியின் நிரப்புப் பொருள்களும் வெப்பத்தில் விரைவில் கெடுபவை. 2024-இல் வியட்நாமின் டோங் நாய் மாநிலத்தில் ஒரே கடையின் பான் மீயை உண்ட 500-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். தமிழக அரசும் 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைசுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. ஆதலின் நன்கு வெந்த முட்டையின் மஞ்சள் கருவை மசித்து, எண்ணெயைத் துளித்துளியாய்ச் சேர்த்துக் குழைத்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்து தடவுக. சுவைக்குச் சுவையும் ஆகும். குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் கேடு நேராது.

சமைத்த இறாலை இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியில் வைக்க வேண்டாம். பள்ளிக்குக் கட்டிக்கொடுக்கவும் இது ஏற்றதன்று. விருந்தினர்க்கு அளிக்குமுன், இறால் ஒவ்வாதவர் எவரேனும் உளரா எனக் கேட்டறிதல் நன்று.

ஆளவந்தோரின் மேசையிலிருந்த ரொட்டியை, வியட்நாம் மக்கள் தம் கடலின் மீனாலும் தம் தோட்டத்துத் தழைகளாலும் தமதாக்கிக்கொண்டனர். நம் கரையில் பிடிபடும் இறாலையும் சாளையையும் கொண்டு ஒரு மாலைப் பொழுதில் நாமும் இதனைச் செய்து பார்ப்போம். காய்களை நறுக்கும் பணியைப் பிள்ளைகளிடமும், ரொட்டியை அடுக்கும் பணியை இல்லத் தலைவரிடமும் விட்டுவிடலாம். அடுக்களையின் பாரம் அன்னை ஒருவருக்கே உரியதன்று.