காருக்கும் மூச்சு உண்டு

மனிதர்கள் மூக்கால் மூச்சு விடுகிறார்கள். மூக்கில் உள்ள முடி தூசியைத் தடுக்கிறது. காரும் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றில் உள்ள தூசியைத் தடுப்பது எது? அதுதான் ஏர் பில்டர். காற்று வடிகட்டி என்றும் சொல்லலாம்.

அம்பாசடர் கார் பலருக்கும் தெரியும். மேற்கு வங்கத்தில் உத்தரபாரா என்ற ஊரில் அது தயாரானது. 2014-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் பழைய அம்பாசடர்களைச் சிலர் இன்னும் பேணி வைத்திருக்கிறார்கள். பழைய பெட்ரோல் அம்பாசடரில் கார்புரேட்டர் உண்டு. காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புவது அதன் வேலை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவு காற்றோடும் தூசி வரும். தூசி என்ஜினுக்குள் போனால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேயும். பிறகு என்ஜின் ஆயில் எரியும். நீலப் புகை வரும். என்ஜினைப் பிரித்து வேலை செய்ய வேண்டும். அதற்குப் பெரும் பணம் செலவாகும். பில்டரின் விலையோ அதில் ஒரு சிறு பங்குதான்.

பில்டர் அடைத்துக்கொண்டாலும் தொல்லைதான். காற்று குறையும். பெட்ரோல் வீணாகும். கறுப்புப் புகை வரும். மேடு ஏற வண்டி திணறும்.

எதை வாங்குவது?

பில்டரில் சில வகைகள் உண்டு. ஆயில் ஊற்றும் கிண்ண வகை ஒன்று. காகித வகை ஒன்று. பஞ்சு போன்ற நுரை வகை ஒன்று. எதை வாங்கினாலும் அளவு சரியாக இருக்க வேண்டும். விளிம்பில் இடைவெளி இருக்கக் கூடாது. இடைவெளி இருந்தால் தூசி அந்த வழியே புகுந்துவிடும். இரண்டு கார்புரேட்டர் உள்ள வண்டியில் இரண்டு பில்டரையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

எப்படிப் பராமரிப்பது?

ஆயில் வகை: பழைய ஆயிலைக் கொட்ட வேண்டும். அடியில் தங்கிய சேற்றைத் துடைக்க வேண்டும். குறி உள்ள அளவு வரை புது ஆயில் ஊற்ற வேண்டும். அதிகம் ஊற்றினால் ஆயில் என்ஜினுக்குள் போகும்.

காகித வகை: மெதுவாகத் தட்டினால் தூசி உதிரும். தண்ணீரில் கழுவக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை தெரிந்தால் புதிது போட வேண்டும்.

நுரை வகை: சோப்பு நீரில் அலசி, நன்றாக உலர்த்த வேண்டும். பிறகு சிறிது ஆயில் தடவிப் பிழிந்து மாட்ட வேண்டும். பெட்ரோலில் கழுவக் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

மண் சாலையில் ஓடும் வண்டிக்கு அடிக்கடி கவனம் வேண்டும்.

பில்டரைக் கழற்றினால் வண்டி வேகமாக ஓடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பக் கூடாது. சில நேரம் கார்புரேட்டர் வழியே தீ வெளியே பாயும். பில்டர் இருந்தால் அந்தத் தீயைத் தடுக்கும். பில்டர் என்ஜினைக் காக்கும். ஆளையும் காக்கும்.